இன்னும் எத்தனை மாதம்?
குழந்தைப்பேறு சிகிச்சையில் அடுத்த படிக்கு நகரும் நேரம்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் தம்பதிக்கு மாதத்தில் மிகக் கடினமான நாள், மாதவிலக்கு வந்துவிடும் நாள்தான். இரண்டு வாரமாகப் பொத்திக் காத்த நம்பிக்கை அன்று உடைகிறது. சிகிச்சையின் நாட்கணக்கோ அதற்காக நிற்பதில்லை. இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அடுத்த சுழற்சிக்கான மாத்திரையும் அப்போதே தொடங்கிவிடும். இதே சிகிச்சையைத் தொடர்வதா, வேறொன்றுக்கு மாறுவதா என்ற பெரிய கேள்விக்கு, மனம் மிகவும் தளர்ந்திருக்கும் அந்த இரண்டு நாட்களுக்குள் பதில் தேட வேண்டியிருக்கிறது. பலர் ‘இன்னும் ஒரு மாதம் பார்த்துவிடுவோம்’ என்று பழைய வழியிலேயே நடக்கிறார்கள். அந்த ஒரு மாதம் பன்னிரண்டு மாதமாக நீண்டுவிடுகிறது. வேறு சிலர், தேவையே வராத நேரத்தில், பதற்றத்தோடு நகையை அடகு வைத்து, ஆய்வகத்தில் கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போகிறார்கள். இரண்டுமே துக்கம் எடுக்கும் முடிவுகள். எந்தச் சிகிச்சையை எத்தனை முறை முயல்வது, என்ன நடந்தால் மாறுவது என்பதை, முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே தம்பதியும் மருத்துவரும் கூடிப் பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஒரு மாதத் தோல்வியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். ஓராண்டு முயன்றால் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கருத்தரித்துவிடுகிறார்கள். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 12 மாத முயற்சிக்குப் பிறகே ‘குழந்தையின்மை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. கல்யாணமான மூன்றாம் மாதமே ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று விசாரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் எத்தனையோ பெண்களின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். பெண்ணுக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதத்திலும், 40 தாண்டிவிட்டால் உடனேயும் பரிசோதனைக்குப் போவது நல்லது. ஒரு மாதத் தோல்வி மௌனமாக இருக்கலாம். பல மாதத் தோல்விகள் சேர்ந்தால் பேசத் தொடங்குகின்றன. எந்தச் சிகிச்சையிலும், எளிதில் பலன் கிடைக்கக்கூடியவர்கள் முதல் சில முயற்சிகளிலேயே கருத்தரித்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்களுக்கு அதே சிகிச்சை கைகொடுக்கும் வாய்ப்பு போகப்போகக் குறைகிறது. எத்தனை முறை என்ற எல்லைக்கோடு இந்த உண்மையிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் படியான மாத்திரைகளையே எடுத்துக்கொள்வோம். சினைப்பை நீர்க்கட்டியால் மாதாமாதம் முட்டை வெளிவராத பெண்களுக்கு, முட்டையை வளர்க்கும் மாத்திரை தருகிறார்கள். நீண்ட காலம் இதற்குக் குளோமிஃபின்தான் முதல் மருந்து. அந்த மருந்தால் கருத்தரிப்பவர்களில் பெரும்பாலோர் முட்டை வெளிவந்த முதல் ஆறு சுழற்சிகளுக்குள்ளேயே கருத்தரித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் தொடர வேண்டாம் என்று பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதல் சொல்கிறது. அடுத்த படி என்றால் ஊசியும் ஆய்வகமுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும், லெட்ரோசோல் என்ற வேறு மாத்திரை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரையை மாற்றுவதே ஒரு நகர்வுதான். குழந்தையின்மைக்கு லெட்ரோசோலைத் தருவதற்கு இந்தியா 2011இல் தடை விதித்தது; 2017இல் அந்தத் தடை நீங்கியது. இந்தப் படியில் இரண்டு வகைத் தோல்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்தும் முட்டையே வளரவில்லை என்றால், ஆறு மாதம் காத்திருக்கக் காரணமில்லை. அளவையோ மருந்தையோ உடனே மாற்ற வேண்டும். முட்டை நன்றாக வளர்ந்து வெடித்தும் கரு தங்கவில்லை என்றால்தான் ஆறு என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. ‘ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்’ என்று சொல்லும் பெண்ணுக்கு அந்த ஆறில் எத்தனை மாதம் முட்டை வெளிவந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த படி ஐயுஐ. கழுவித் தேர்ந்த விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் எளிய முறை. ஒரு முறைக்குக் கிடைக்கும் பலன் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. இங்கும் கருத்தரிப்புகளில் பெரும்பகுதி முதல் மூன்று, நான்கு முயற்சிகளுக்குள் நடந்துவிடுகிறது. பழைய வழக்கப்படி, மாத்திரையோடு ஐயுஐ மூன்று முறை, பிறகு முட்டையை வளர்க்கும் ஊசியோடு மூன்று முறை, அதற்குப் பிறகே ஐவிஎஃப் என்று ஏணி ஏறச் சொல்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 503 தம்பதிகளிடம் இந்த ஏணியைச் சோதித்தார்கள். நடுவிலிருக்கும் ஊசிப் படியைத் தாண்டி, மூன்று மாத்திரை ஐயுஐக்குப் பிறகு நேராக ஐவிஎஃப்புக்குப் போனவர்கள் சராசரியாக 8 மாதத்தில் கருத்தரித்தார்கள். எல்லாப் படியும் ஏறியவர்களுக்கு 11 மாதம் ஆனது. 2010இல் வெளியான இந்த முடிவு, ஒரு படி பழக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதில் ஏறியே ஆக வேண்டியதில்லை என்று காட்டியது. ஊசிப் படிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: பல முட்டைகள் ஒன்றாக வளர்ந்துவிடும். 900 தம்பதிகள் பங்கேற்ற 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஊசியோடு ஐயுஐ செய்து உண்டான கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இரட்டை அல்லது அதற்கு மேல். இரட்டைக் குழந்தைகள் வரமாகத் தோன்றலாம். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த சிசுக்களும் அந்த வரத்தோடு சேர்ந்து வருகின்றன.

அப்படியென்றால் நேராக ஐவிஎஃப்புக்கே போய்விடலாமே, ஏன் நடுவில் காலத்தை வீணாக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பதில் ஆளுக்கு ஆள் மாறும். சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் காரணம் தெரியாமல் கருத்தரிக்காத, இயற்கையாகவே ஓரளவு வாய்ப்புள்ள 253 தம்பதிகளை நெதர்லாந்தில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் மருந்தோடு ஐயுஐ. இன்னொரு பிரிவுக்குக் காத்திருப்பு மட்டும். சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கும் காத்திருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கரு தொடர்ந்து வளர்ந்தது. அவர்களுக்குப் பொறுமையே போதுமான மருந்தாக இருந்தது. நியூசிலாந்தில் 2018இல் வெளியான ஆய்வோ, இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்த 201 பெண்களை எடுத்துக்கொண்டது. மூன்று சுழற்சிகளில் ஐயுஐ செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மீண்டும் நெதர்லாந்தில், 602 தம்பதிகளிடம் ஐயுஐயையும் ஐவிஎஃப்பையும் ஓராண்டு ஒப்பிட்டபோது, ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை கிடைத்தது முறையே 47, 52 சதவீதத்தினருக்கு. பெண்ணின் வயது 38க்குள் இருந்து, காரணமும் தெரியாதபோது, எளிய முறை அவ்வளவு பின்தங்கிவிடவில்லை. லட்சங்களில் செலவாகும் சிகிச்சையை முதலிலேயே கையில் எடுக்கும் முன் இந்த எண்களைத் தெரிந்துகொள்வது தம்பதியின் உரிமை.

எல்லைக்கோட்டை நெருக்கிப் போட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தால் ஐயுஐக்கு வழியே இல்லை. ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் கருக்குழாயைச் சத்தமில்லாமல் சேதப்படுத்துவது அரிதல்ல. விந்தணு மிகக் குறைவாக இருந்தாலும் ஐயுஐக்கு இதே நிலைதான். ஆகவே குழாய்ச் சோதனையும் விந்துப் பரிசோதனையும் முடியாமல் மாதக்கணக்கில் மாத்திரை தின்பது, பூட்டிய கதவின் முன் காத்திருப்பதைப் போன்றது. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதி இடங்களில் ஆணின் பங்கும் இருக்கிறது. அப்படியிருந்தும் மருமகளை மூன்று மருத்துவர்களிடம் காட்டிய பிறகே மகனைப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பரிசோதனை எளிது, மலிவு, வலியில்லாதது. அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மனைவியின் வயதில் கூடுகிறது.

எல்லாக் கணக்கிலும் கனமான எண் அந்த வயதுதான். 38 முதல் 42 வயதுவரை உள்ள பெண்கள் இருக்கும் 154 தம்பதிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், முதல் இரண்டு சுழற்சிகளில் நேராக ஐவிஎஃப் செய்தவர்களில் 49 சதவீதம் பேர் கருத்தரித்தார்கள். மாத்திரையோடு ஐயுஐ செய்தவர்களில் அது 22, ஊசியோடு செய்தவர்களில் 17. இளையவளுக்குப் பொருந்தும் பொறுமை இவர்களுக்குப் பொருந்தாது. இன்னொரு பக்கம், ஏஎம்எச் என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் எண் குறைந்துவிட்டது என்பதற்காகப் பதறவும் வேண்டாம். 30 முதல் 44 வயதுவரை உள்ள 750 பெண்களை வைத்து 2017இல் வந்த அமெரிக்க ஆய்வில், அந்த அளவு குறைந்திருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். அந்தச் சோதனை முட்டைகளின் இருப்பைப் பற்றிச் சொல்கிறது, தரத்தைப் பற்றிச் சொல்வதில்லை. தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது.

ஐவிஎஃப்புக்கு வந்துவிட்டால் எல்லை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு முறை தோற்றதும் ‘நமக்குக் கொடுப்பினை இல்லை’ என்று ஒடிந்துபோகிறார்கள். பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வந்த முடிவு வேறு கதை சொல்கிறது. முதல் சுழற்சியில் 29.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. நான்காம் சுழற்சிவரை ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஆறாம் சுழற்சிக்குள் மொத்தம் 65.3 சதவீதத்தைத் தொட்டது. உடலும் பணமும் தாங்குமானால், ஒரு தோல்வியில் நிறுத்த அறிவியல் காரணம் இல்லை. ஆனால் வயது கூடினால் கணக்கு மாறுகிறது: அதே ஆய்வில் 40 முதல் 42 வயதுக்குள் முதல் சுழற்சியின் வாய்ப்பு 12.3 சதவீதம், 42க்கு மேல் சொந்த முட்டையில் ஒவ்வொரு சுழற்சிக்கும் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே சிகிச்சைக்கு ஒருத்தி நான்கு என்றும் இன்னொருத்தி ஒன்று என்றும் எல்லை வைப்பது இதனால்தான் நியாயமாகிறது. தோல்விக்குப் பின் எதையாவது மாற்ற வேண்டும் என்ற தவிப்பில், விலையுயர்ந்த கூடுதல் சேவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதும் நடக்கிறது. கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 1,364 பெண்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, சுரண்டியவர்கள், சுரண்டாதவர்கள் இரு பிரிவிலும் பலன் 26.1 சதவீதம்தான். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை ஆணின் குறைக்கு அருமருந்து. குறையில்லாத இடத்தில் கூடுதல் பலனைத் தரவில்லை என்று வியட்நாமில் 1,064 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. சிகிச்சையை மாற்றுவது வேறு, சிகிச்சையில் சேர்த்துக்கொண்டே போவது வேறு.

நகர்வது என்றால் மேலே ஏறுவது மட்டும் இல்லை. தானமாகப் பெறும் முட்டை ஒரு வழி. முட்டை இளையவருடையது என்பதால், பெறுபவரின் வயது அங்கே பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சிகிச்சைகளுக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு வைத்திருக்கிறது. தத்தெடுப்பது இன்னொரு வழி. அதற்கும் கடிகாரம் உண்டு என்பது பலருக்குத் தாமதமாகவே தெரியவருகிறது: 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியின் வயதுகளின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. எல்லாச் சிகிச்சையும் தோற்ற பிறகு யோசிக்கலாம் என்று ஒதுக்கி வைத்த கதவு, அதற்குள் பாதி மூடியிருக்கலாம். ‘இருவராகவே வாழ்வோம்’ என்று சிகிச்சையை நிறுத்துவதும் முழுமையான ஒரு முடிவுதான்; அதைத் தோல்வி என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

முன்கூட்டியே எல்லை வைப்பது நம்பிக்கையின்மை, வாய்விட்டுச் சொன்னால் அதுவே பலித்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். விதைக்கும் முன்பே மழை தவறினால் என்ன செய்வது என்று யோசிக்கும் விவசாயியை யாரும் நம்பிக்கையற்றவர் என்பதில்லை. ‘இவ்வளவு செலவழித்தாகிவிட்டது, இப்போது விட்டால் அத்தனையும் வீண்’ என்ற எண்ணம் இன்னும் வலியது. போன பணமும் பொறுத்த வலியும் அடுத்த சுழற்சியின் வாய்ப்பை ஒரு துளிகூடக் கூட்டுவதில்லை. முன்பே எழுதிய எல்லை இந்தப் பிடியிலிருந்து காப்பாற்றும். மருத்துவருக்குத் தெரியாதா என்றும் கேட்கலாம். வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவரால் சொல்ல முடியும். அந்த வாய்ப்புக்காக எவ்வளவு பணம், எத்தனை ஊசி, எத்தனை விடுப்பு, எவ்வளவு மனச்சுமை என்பதைத் தம்பதி மட்டுமே சொல்ல முடியும். எழுதிய எல்லை கல்வெட்டும் அல்ல. புதிய பரிசோதனை முடிவு வந்தால் மாற்றலாம். சோகம் வந்ததற்காக மாற்றக் கூடாது.

எழுத வேண்டியவை நான்கே கேள்விகளுக்கான பதில்கள்: எங்கள் வயதுக்கும் காரணத்துக்கும் இந்தச் சிகிச்சையில் ஒரு முறைக்கு என்ன வாய்ப்பு? எத்தனை முறைக்குப் பிறகு அது தேய்கிறது? இடையில் எது தெரியவந்தால் உடனே மாற வேண்டும்? மாறினால் அடுத்தது என்ன, அதற்கு எவ்வளவு ஆகும்? நிதானமாக இருக்கும் ஒரு நாளில், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மருத்துவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதினால் போதும். மாதவிலக்கு வந்துவிடும் அந்தக் கடினமான நாளில் முடிவெடுக்கும் பாரத்தை அந்தத் தாள் சுமந்துகொள்ளும். அன்றைக்கு அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழலாம். வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.