உழைப்பும் ஓய்வும் – 9: நடைக்கும் நடைக்கும் நடுவே

போன வாரம் இளம்பிள்ளைத் தறிக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் பார்த்தோம். அங்கே ஷிப்ட் முடிந்தால் நடந்து போகிற தூரத்தில் வீடு. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர்களுக்கு வீடு என்பது வழியில் வந்துபோகிற ஒரு ஊர். நாமக்கல் பக்கத்து லைன் வண்டி, அதாவது நெடுந்தூர லாரி, டிரைவர்களைச் சொல்கிறேன்.

விடிகாலை ஐந்து மணி. சேலம் – நாமக்கல் நான்குவழிச் சாலையில் புதுச்சத்திரம் பக்கம் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று ஓரம் கட்டி நின்றது. அதற்கு முன்பே அங்கே ஒரு மொபெட் காத்திருந்தது. அதில் ஒரு பெண். அவர் முதுகில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் ஒரு பையன். டிரைவர் இறங்கியதும் அவர்களிடம் வரவில்லை. இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றிவந்து பன்னிரண்டு டயரையும் தட்டிப் பார்த்தார். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும். இறங்கியிருந்தால் பொத்தென்று அமுங்கும். அதன் பிறகுதான் அழுக்குத்துணிப் பையைக் கொடுத்துவிட்டு, துவைத்த துணியையும் தூக்குப்போசியையும் வாங்கினார்.

“ஒரு மணி நேரம் வூட்ல தலையச் சாச்சுட்டுப் போலாமுங்களே?”

“மத்தியானத்துக்குள்ள மதுரையில லோடு இறக்கோணும் புள்ள. திரும்பறப்ப வர்றேன்.”

பையன் தலையைத் தடவிவிட்டு ஏறிவிட்டார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டு நாளுக்குப் பிறகு நடந்த சந்திப்பு அது.

யாரும் சொல்லி அவர் டயரைத் தட்டவில்லை. பழகிய கை தானாகத் தட்டுகிறது. அதேபோல உடம்பையும் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தூக்கத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, அது பாதி உண்மைதான் என்று தெரிந்தது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் வரம்பே 30 மில்லிகிராம்தான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர் இரவு ஒன்பது மணிக்கும் ஸ்டியரிங்கில் இருந்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்தைக் கேட்டே தீரும். வடக்கேயிருந்து வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இருந்தால்? வீடு கிட்டே வந்துவிட்டது என்ற நினைப்பே அங்கே நிற்கவிடாமல் ஓட்டுகிறது.

கையில் இருக்கிற வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். டீயோ காபியோ குடித்தவுடன் வண்டியை எடுக்காதீர்கள். அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். குடித்த கையோடு கேபினிலேயே கால் மணி நேரம் கண்ணை மூடுங்கள். விழிக்கிற நேரத்தில் காபியும் தூக்கமும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்ததும் முகம் கழுவி, நாலு எட்டு நடந்துவிட்டு ஏறுங்கள். டயரைத் தட்ட இறங்கும்போதெல்லாம் இடுப்பை நிமிர்த்தி இன்னும் ஒரு சுற்று வாருங்கள். அடிக்கடி நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கல்லுக்கு அதுவே வழி.

இனி மீதிப் பாதி. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது; அனுமதி பெற்ற நெடுந்தூர ஓட்டத்துக்கும் 10 மணி நேரமே உச்சம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. கடன் வாங்கி ஒற்றை லாரி வைத்து, தானே ஓட்டுகிறவர் அதற்கு வெளியே நின்றார். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-இல் போய்விட்டது. மாற்றிப் பிடிக்க ஆளில்லாதவரிடம் ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்று சொல்லி என்ன பயன்? புதிதாகத் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்பது நல்ல செய்தி. ஆனால் ஏசி இரண்டாவது டிரைவர் ஆகிவிடாது.

அதனால் ஓய்வை லோடு பேசும்போதே பேசியாக வேண்டும். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று கேட்கும் ஓனரும் புக்கிங் ஏஜென்டும் ‘எங்கே நிறுத்தித் தூங்குவே?’ என்பதையும் கேட்டு, அந்த மணிகளைக் கூட்டி நேரம் குறிக்கட்டும். டீசலுக்கும் சுங்கத்துக்கும் கணக்குப் போடுகிறோம். தூக்கத்துக்கும் அதே தாளில் ஒரு வரி வேண்டும். ஒற்றை லாரிக்காரர் தனக்குத்தானே அந்த வரியை எழுதிக்கொள்ள வேண்டும். நடை முடிந்து வந்தால் முதல் இரவு தூக்கத்துக்கு; அடுத்த லோடு அதற்கப்புறம்தான்.

அன்று மொபெட்டில் சாய்ந்திருந்த பையன் கடைசிவரை சரியாகக் கண் விழிக்கவில்லை. அவன் விழித்திருக்கிற நேரத்தில் அப்பா வீட்டில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

(அடுத்த வாரம்: திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு போகிறவர்கள்)