தேசியப் பூங்காத் திட்டமிடல் அனுமதி (இங்கிலாந்து, வேல்ஸ்)

தேசியப் பூங்காத் திட்டமிடல் அனுமதி என்பது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் கட்டடம் கட்டுவதற்கும், நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் பெறவேண்டிய சட்ட அனுமதி ஆகும். பூங்காவுக்கு வெளியே இவ்வனுமதியை உள்ளூராட்சி மன்றங்கள் வழங்குகின்றன. பூங்காவுக்குள் அந்த அதிகாரம் தேசியப் பூங்கா ஆணையம் என்னும் தனி அமைப்பிடம் உள்ளது. உழவர் ஒருவர் தமது நிலத்தில் மாட்டுக்கொட்டகை எழுப்புவது முதல் பெரும் சுரங்கம் தோண்டுவது வரை பலவகை விண்ணப்பங்கள் இவ்வாணையத்தின் முன் வருகின்றன. நிலத்தோற்றத்தைக் காப்பதும், அந்நிலத்தில் வாழும் ஊரக மக்களின் வாழ்வாதாரத்தைக் காப்பதும் ஒரே முடிவில் எதிர்ப்படுவதால், திட்டமிடல் துறையில் இது சிக்கலான ஒரு பகுதியாகக் கருதப்படுகின்றது.

பின்புலம்

தேசியப் பூங்கா என்னும் சொல் எல்லா நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1872 இல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் பூங்கா அரசுக்கு உரிய நிலமாகும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமையும் தேசியப் பூங்காக்களில் தனியார் உரிமைகளுக்கும் மேய்ச்சலுக்கும் இடமில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பூங்காக்களின் நிலை வேறு. அவற்றின் நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்கு உரியது. அவற்றினுள் சிற்றூர்கள், சிறு நகரங்கள், பண்ணைகள், கற்சுரங்கங்கள், பள்ளிகள் ஆகியன உள்ளன. எடுத்துக்காட்டாக, பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்தனர்.

இப்பூங்காக்களின் அழகு எனப் போற்றப்படுவதும் மனிதக் கைபடாத காடு அன்று. காரையின்றி அடுக்கிய கல்வேலிகள், செம்மறியாடுகள் மேயும் குன்றுகள், கல்லால் கட்டிய வீடுகள் ஆகியவை பல நூற்றாண்டு உழவுத்தொழிலின் விளைவாகும். உழவர் வெளியேறினால் அத்தோற்றமும் நிலைக்காது. திட்டமிடல் அனுமதி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இவ்வுண்மையையே மையமாகக் கொண்டவை.

வரலாறு

1932 இல் பீக் டிஸ்ட்ரிக்டில் உள்ள கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில், நடந்து செல்லும் உரிமை கோரி நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நுழைந்தனர். இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஜான் டௌவர் அளித்த அறிக்கையும் (1945), ஆப்ஹவுஸ் குழுவின் அறிக்கையும் (1947) பூங்காக்களுக்கு வழிவகுத்தன. 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், நிலம் தனியாருடையதாக இருப்பினும் அதில் கட்டடம் எழுப்ப அனுமதி தேவை என்னும் விதியை நாடெங்கும் கொண்டுவந்தது. 1949 இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அரசு நிலத்தை வாங்காமலேயே பூங்காக்களை அமைக்க முடிந்தமைக்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டமே அடிப்படை ஆகும்.

முதற் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்ட் 1951 இல் அமைக்கப்பட்டது. 1957 அளவில் பத்துப் பூங்காக்கள் இருந்தன. பின்னர் நியூ ஃபாரஸ்ட் (2005), சௌத் டௌன்ஸ் (2010) ஆகியவை சேர்ந்தன. பூங்காவுக்கு ஒப்பான தகுதி கொண்ட பிராட்ஸ் நீர்நிலப் பகுதியையும் சேர்த்து, இன்று இங்கிலாந்தில் பத்தும் வேல்ஸில் மூன்றும் உள்ளன. தொடக்கத்தில் பெரும்பாலான பூங்காக்களை மாவட்ட நிலையிலான மன்றங்களின் குழுக்களே நிருவகித்தன. 1995 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் அவற்றுக்குத் தனி ஆணையங்களை ஏற்படுத்தியது.

சட்ட அடிப்படை

பூங்காக்களுக்குச் சட்டம் இரண்டு நோக்கங்களை வகுத்துள்ளது.

1. இயற்கை அழகு, காட்டுயிர், பண்பாட்டு மரபு ஆகியவற்றைப் பாதுகாத்தலும் மேம்படுத்தலும்.
2. பூங்காவின் சிறப்பியல்புகளைப் பொதுமக்கள் புரிந்துகொள்ளவும் நுகரவும் வாய்ப்புகளை வளர்த்தல்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும்போது, முதலாவது நோக்கத்துக்குக் கூடுதல் எடை தரப்பட வேண்டும். இது சான்ட்ஃபர்ட் கொள்கை எனப்படுகின்றது. சான்ட்ஃபர்ட் பிரபு தலைமையிலான குழு 1974 இல் முன்வைத்த இக்கொள்கை, 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

உள்ளூர் மக்களின் பொருளாதார, சமூக நலனைப் பேணுவது மேற்கூறிய நோக்கங்களுள் ஒன்றன்று. அவ்விரு நோக்கங்களை நிறைவேற்றும்போது ஆணையம் ஆற்ற முயலவேண்டிய கடமையாகவே சட்டம் அதனைக் குறிப்பிடுகின்றது. ஊரக வளர்ச்சி விண்ணப்பங்கள் பலவற்றின் முடிவு இவ்வேறுபாட்டைச் சார்ந்தே அமைகின்றது.

2023 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இங்கிலாந்தில் அரசுத் துறைகளும் பொது அமைப்புகளும் பூங்காக்களின் நோக்கங்களை வெறுமனே கருத்திற் கொண்டால் போதாது, அவற்றை முன்னெடுக்க முயலவும் வேண்டும் என விதித்தது.

விண்ணப்பம் ஆராயப்படும் முறை

விண்ணப்பதாரர் வரைபடங்கள், கட்டணம், தேவையான ஆய்வறிக்கைகள் ஆகியவற்றுடன் விண்ணப்பத்தை அளிக்கிறார். பழைய கூரையை மாற்றும் பணிகளில் வௌவால்கள் பற்றிய ஆய்வு அடிக்கடி கோரப்படும். வௌவால்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் நடமாட்டத்தைக் கோடைக்காலத்திலேயே கணிக்க முடியும் என்பதால், இலையுதிர்காலத்தில் விண்ணப்பிப்போர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேர்வதுண்டு.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் ஊர்ச்சபை, நெடுஞ்சாலைத் துறை, சுற்றுச்சூழல் அமைப்புகள், அண்டை வீட்டார் ஆகியோரின் கருத்துகள் கேட்கப்படுகின்றன. கருத்துக் கூறப் பொதுவாக 21 நாட்கள் தரப்படும். சிறு விண்ணப்பங்களுக்கு 8 வாரங்களிலும், பெரியவற்றுக்கு இங்கிலாந்தில் 13 வாரங்களிலும் முடிவு கூறப்பட வேண்டும். விண்ணப்பதாரர் உடன்பட்டால் இக்காலம் நீடிக்கப்படலாம்.

ஆணையம் முன்னரே வெளியிட்டுள்ள உள்ளூர்த் திட்டத்துக்கு இணங்கவே முடிவு அமைய வேண்டும் என்பது சட்டவிதி. அதிலிருந்து விலக வேண்டுமாயின் தகுந்த திட்டமிடல் காரணம் இருத்தல் வேண்டும். நிலத்தோற்றம், போக்குவரத்து, வெள்ள இடர், வெளிச்சம், இரைச்சல், வீட்டுத் தேவை முதலியன கருதத்தக்க காரணிகள் ஆகும். அண்டை வீட்டின் விலை குறையும் என்பதோ, ஒருவரின் சன்னல் வழியே தெரியும் காட்சி மறையும் என்பதோ கருதத்தக்க காரணிகள் அல்ல. விண்ணப்பதாரர் நல்லவரா, நெடுங்காலம் அவ்வூரில் வாழ்பவரா என்பவையும் பொதுவாக எடைபோடப்படுவதில்லை. அனுமதி நிலத்தோடு சேர்ந்தது, ஆளோடு சேர்ந்தது அன்று என்பதே இதற்குக் காரணம்.

பெரும்பாலான விண்ணப்பங்களை ஆணையத்தின் திட்டமிடல் அலுவலர்களே முடிவு செய்கின்றனர். சர்ச்சைக்குரியவையும் பெரியவையும் உறுப்பினர் குழுவின் முன் வைக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் இவ்வுறுப்பினர்களுள் உள்ளூராட்சி மன்றங்கள் அனுப்புவோர், ஊர்ச்சபைகளைச் சார்ந்தோர், அரசு நியமிப்போர் என மூவகையினர் உள்ளனர். குழு அலுவலரின் பரிந்துரைக்கு மாறாக முடிவெடுக்கலாம். ஆனால் அதற்கான காரணங்களைத் தெளிவாகக் கூற வேண்டும். காரணம் வலுவற்றதாயின் மேன்முறையீட்டில் தோற்பதுடன், எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க நேரலாம்.

ஊரக விண்ணப்பங்களின் வகைகள்

உழவர் குடியிருப்பு: திறந்த நாட்டுப்புறத்தில் புதிய வீடு கட்டுதல் பொதுவாக மறுக்கப்படும். பண்ணையில் இரவும் பகலும் ஒருவர் தங்கியிருத்தல் இன்றியமையாதது என மெய்ப்பித்தால் விதிவிலக்கு உண்டு. ஆட்டுக்குட்டிகள் ஈனும் பருவம் இதற்கு வழமையாகக் காட்டப்படும் சான்றாகும். அப்பண்ணை தொடர்ந்து நடக்கத்தக்க வருவாய் உடையதா என்பதும் ஆராயப்படும். அனுமதி கிடைத்தால், உழவுத்தொழிலில் ஈடுபட்டவரோ, கடைசியாக அத்தொழிலில் இருந்தவரோ, அவர்தம் குடும்பத்தினரோ மட்டுமே அவ்வீட்டில் வாழலாம் என்ற நிபந்தனை இணைக்கப்படும். இந்நிபந்தனை வீட்டின் சந்தை விலையைக் குறைக்கின்றது. இதனால் வீடு செல்வந்தரின் விடுமுறை இல்லமாக மாறாமல் உழவர் கையிலேயே நிற்க வாய்ப்பு ஏற்படுகின்றது.

உள்ளூர் மக்களுக்கான வீடு: பூங்காவுக்குள் வீடுகள் குறைவு, அவற்றை விரும்பும் வெளியூரார் மிகுதி. எனவே விலை உள்ளூர்க் கூலியோடு பொருந்துவதில்லை. இளையோர் வெளியேறுவதால் சிற்றூர்ப் பள்ளிகள் மூடப்படும் நிலை தோன்றுகின்றது. இதற்கு மாற்றாக, ஊரின் எல்லையை ஒட்டிய சிறு நிலங்களில், உள்ளூரார் வாங்கக்கூடிய அல்லது வாடகைக்குப் பெறக்கூடிய வீடுகளுக்கு மட்டும் விதிவிலக்காக அனுமதி தரப்படுகின்றது. பீக் டிஸ்ட்ரிக்ட் ஆணையத்தின் கொள்கையில், கடந்த 20 ஆண்டுகளில் 10 ஆண்டுகளாவது அந்த ஊர்ப்பகுதியில் அல்லது அதனை அடுத்த ஊர்ப்பகுதியில் வாழ்ந்திருத்தல் உள்ளூரார் என்பதற்கான முதன்மை அளவுகோல்களுள் ஒன்றாகும்.

பழைய கல்களஞ்சியங்கள்: யார்க்ஷயர் டேல்ஸ் பூங்காவில் வயல்களின் நடுவே ஆயிரக்கணக்கான கல்களஞ்சியங்கள் நிற்கின்றன. குளிர்காலத்தில் மாடுகளைக் கட்டவும், அவற்றுக்கான உலர்புல்லைச் சேமிக்கவும் அவை பயன்பட்டன. இன்றைய இயந்திரங்கள் அவற்றின் சிறிய வாயிலில் நுழைய முடியாததால் பல கைவிடப்பட்டுள்ளன. கூரை இடிந்தால் சுவரும் சில ஆண்டுகளில் சரியும். வீடாக மாற்றினால் கட்டடம் பிழைக்கும். ஆனால் புதிய சன்னல்கள், வண்டிப்பாதை, மின்கம்பி, நிறுத்துமிடம், இரவு விளக்கு ஆகியவை வயல்வெளியின் தன்மையை மாற்றிவிடும். 2016 இல் ஏற்கப்பட்ட அப்பூங்காவின் உள்ளூர்த் திட்டம், சாலையோரம் அமைந்த மரபுக் களஞ்சியங்களை நிபந்தனைகளுடன் மாற்ற இடமளித்தது. வயலின் நடுவே உள்ளவற்றுக்குக் கட்டுப்பாடு கடுமையானதாகவே உள்ளது.

2014 இல் இங்கிலாந்து அரசு, பண்ணைக் கட்டடங்களை முழு விண்ணப்பம் இன்றி வீடாக மாற்றும் பொது உரிமையை அறிமுகப்படுத்தியபோது, பூங்கா ஆணையங்களின் எதிர்ப்பை அடுத்துத் தேசியப் பூங்காக்களுக்கு அவ்வுரிமை நீட்டிக்கப்படவில்லை.

பண்ணைக் கட்டடங்களும் விளக்குகளும்: புதிய கொட்டகை தேவையா என்பதைவிட அது எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு உயரத்தில் அமையும் என்பதே பெரும்பாலும் கேள்வியாகிறது. குன்றின் உச்சியில் அன்றி, இருக்கும் கட்டடங்களை ஒட்டி அடர்நிறக் கூரையுடன் அமைந்தால் அனுமதி எளிதாகும். எக்ஸ்மூர் பூங்கா 2011 இல் ஐரோப்பாவின் முதலாவது பன்னாட்டு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் வெளிவிளக்கின் ஒளி கீழ்நோக்கியே விழவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் விதிக்கப்படுகின்றன.

பெருந்திட்டங்கள்

இங்கிலாந்தின் தேசியக் கொள்கையின்படி, பூங்காவுக்குள் பெருந்திட்டங்கள் மறுக்கப்பட வேண்டும். அசாதாரணச் சூழ்நிலையும் பொதுநலனும் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே அனுமதிக்கலாம். இதற்குத் திட்டத்தின் தேவை, பூங்காவுக்கு வெளியே அதனை அமைக்கும் வாய்ப்பு, சூழலுக்கு நேரும் தீங்கும் அதனைக் குறைக்கும் வழியும் ஆகிய மூன்றும் ஆராயப்படும்.

நார்த் யார்க் மூர்ஸ் பூங்காவில், விட்பி நகருக்கு அருகே பாலிஹேலைட் என்னும் உரக்கனிமச் சுரங்கத்துக்கான விண்ணப்பம் 2015 சூன் 30 அன்று 8 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் ஏற்கப்பட்டது. வேலைவாய்ப்பை ஒரு தரப்பும், பூங்காவின் அமைதியை மறுதரப்பும் வலியுறுத்தின. கனிமத்தை 37 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கப்பாதை வழியே டீசைடுக்குக் கொண்டுசெல்லுதல், தலைமைக் கட்டமைப்புகளை நிலத்துக்குக் கீழே அமைத்தல் போன்றவை தீங்கைக் குறைக்கும் வழிகளாக முன்வைக்கப்பட்டன.

மேன்முறையீடும் நடவடிக்கையும்

மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் திட்டமிடல் ஆய்வாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். இதற்கான காலம் பொதுவாக ஆறு மாதங்கள் ஆகும். அனுமதியை எதிர்க்கும் அண்டை வீட்டாருக்கு அவ்வுரிமை இல்லை. முடிவு சட்டப்படி எடுக்கப்படவில்லை எனக் கருதினால், ஆறு வாரங்களுக்குள் நீதிமன்ற மீளாய்வை மட்டுமே அவர்கள் கோர முடியும்.

அனுமதியின்றிக் கட்டியதை அகற்ற ஆணையம் உத்தரவிடலாம். 2024 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இதற்கான காலவரம்பு பொதுவாக 10 ஆண்டுகள் ஆக்கப்பட்டது. வேல்ஸின் பெம்புரோக்ஷயர் கரைப் பூங்காவில் 1990களில் அனுமதியின்றி மரத்தாலும் புல்தரைக் கூரையாலும் கட்டப்பட்ட வட்டவீடு ஒன்று புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். ஆணையம் அதனை இடிக்கக் கோரியது. பல ஆண்டு வழக்குகளுக்கிடையே, சூழலுக்குத் தாக்கம் குறைந்த குடியிருப்புகளுக்கான புதிய கொள்கை 2006 இல் அப்பகுதியில் உருவாயிற்று. அதன் கீழ் 2008 இல் அவ்வீட்டுக்கு அனுமதி கிடைத்தது.

விமர்சனங்கள்

ஆணையங்கள் பூங்காவை அருங்காட்சியகம் போல உறையவைக்கின்றன என்பது உள்ளூர் மக்கள் கூறும் முதன்மைக் குறையாகும். உறுப்பினருள் ஒரு பகுதியினர் உள்ளூர் வாக்காளருக்குப் பொறுப்பற்றவர்கள் என்பதும் சுட்டப்படுகின்றது. பூங்கா முழு நாட்டுக்கும் உரிய செல்வம் என்பதால், உள்ளூர் வாக்கு மட்டும் அதன் வருங்காலத்தை முடிவு செய்யக்கூடாது என்பது இதற்குக் கூறப்படும் விடை.

மறுபுறம், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் சிறு அனுமதிகளின் கூட்டு விளைவைச் சுட்டிக்காட்டுகின்றன. ஒரு கொட்டகையோ ஒரு வீடோ பெருந்தீங்கு செய்வதில்லை. நூறு சேரும்போது பள்ளத்தாக்கின் முகமே மாறுகின்றது. ஒவ்வொரு மறுப்புக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்பது ஊர்ச்சபைகளின் எதிர்வாதம். ஒரு குடும்பம் வெளியேறுவது யாருக்கும் தெரிவதில்லை. பல குடும்பங்கள் வெளியேறியபின் கல்வேலிகளைச் செப்பனிட ஆள் இருப்பதில்லை.

ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்தின் இரு பூங்காக்களில் நடைமுறை வேறுபடுகின்றது. லோக் லோமண்ட், டிரொசாக்ஸ் பூங்காவில் (2002) ஆணையமே அனுமதி வழங்குகின்றது. கெய்ர்ன்கார்ம்ஸ் பூங்காவில் (2003) விண்ணப்பங்களை உள்ளூராட்சி மன்றங்கள் பெறுகின்றன. பூங்காவின் நோக்கங்களைப் பெரிதும் பாதிக்கக்கூடியவற்றை ஆணையம் தன்னிடம் அழைத்துக்கொண்டு முடிவு செய்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- ஐக்கிய இராச்சியத்தின் தேசியப் பூங்காக்கள்
- நகர, நாட்டுப்புறத் திட்டமிடல்
- ஊரக வளர்ச்சி
- நிலத்தோற்றப் பாதுகாப்பு