ஊருக்குப் போகும் செலவைக் குறைக்க...

பள்ளித் தேர்வு முடிந்தால் ஆண்டாப் ஹில் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் ஊருக்கு உண்டா?" நான்கு பேர் போய் வந்தால் சேமிப்பு கரைகிறது. போகாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாட்டி முகம் மறந்துபோகிறது. செலவைக் குறைக்கச் சில வழிகளைப் பார்ப்போம்.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே முதல் வாரம் புறப்படுவோர் மார்ச் முதல் வாரமே காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். தவறவிட்டால் தத்கால்தான்; தலைக்குத் தலை கூடுதல் கட்டணம்.

5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 11 வயது வரை படுக்கை இல்லாமல் அரை டிக்கெட். படுக்கை கேட்டால் முழு டிக்கெட். சின்னவனை மடியருகே படுக்க வைத்தால் பாதிப் பணம் மிச்சம்.

நம் பகுதி மத்திய அரசுக் குடியிருப்பு அன்பர்களுக்கு எல்.டி.சி. சலுகை உண்டு. நான்கு ஆண்டில் இருமுறை சொந்த ஊர் போகலாம். அதில் ஒருமுறைக்குப் பதிலாக இந்தியாவில் எங்கும் செல்லலாம். ஆனால் போக்குவரத்துக் கட்டணம் மட்டுமே கிடைக்கும். சாப்பாடும் தங்குமிடமும் நம் கைக்காசு.

வெளிநாடு பார்க்க ஆசையா? நேபாளத்துக்கு விசா வேண்டாம். எல்.டி.சி. மட்டும் எல்லை தாண்டாது.

மிச்சம் பிடித்த பணத்தில் பாட்டிக்கு ஒரு புடவை எடுத்துப் போங்களேன்!