நத்தை ஆயிரம், இனம் ஒன்றே!

மழை விட்ட காலையில் பெங்களூரில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிற நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் உப்புப் பொட்டலத்துடன் வருவார். "எங்கிருந்துதான் வருகிறதோ இந்தச் சனியன்!" என்று அலுத்துக்கொள்வார்.

அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அது நம் நாட்டு நத்தையே அல்ல.

கல்கத்தாவில் இறங்கியது

இதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. வில்லியம் பென்சன் என்பவர் நத்தை ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்டவர். 1847-ம் ஆண்டு மொரீஷியஸ் தீவிலிருந்து இதைக் கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். அங்கிருந்து நாடு முழுவதும் பரவிவிட்டது. ஒரே தடவையில் 200 முட்டை வரை இடும். வாழை, பப்பாளி, காய்கறி, காப்பி எதையும் விடாது.

தானாக நடந்தா இத்தனை தூரம் வந்தது? இல்லை. மனிதன்தான் சுமந்து வந்தான். ரெயில்வே பார்சல் பகுதியில் வேலை பார்க்கும் நான், ஒரு செடிக் கூடையின் மண்ணில் மிளகு அளவு வெள்ளை முட்டைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் இல்லாத பயணி!

குடகுக் காட்டில்...

குடகுக் காப்பித் தோட்டங்களில் நம் தமிழர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். அங்கே தோட்டங்களுக்கு நடுவே 'தேவரகாடு' என்னும் கோவில் காடுகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கோடாலி படாத அந்த மாதிரிக் காட்டில் சருகைப் புரட்டினால் வேறு உலகம் தெரியும்.

சில நத்தைகள் கடுகை விடச் சற்றே பெரியவை. சில, கோடை வந்ததும் ஓட்டின் வாயை மூடிபோட்டு அடைத்துக்கொண்டு தூங்கும். இன்ட்ரெல்லா என்று ஒன்று. மெல்லிய ஓடு, உடம்போ குங்குமச் சிவப்பு! மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் அது கிடையாது. இந்த மலைத்தொடரில் தரையில் வாழும் நத்தைகள் சுமார் 270 வகை. அவற்றில் நாலில் மூன்று பங்கு இந்த மலைக்கே சொந்தம்.

ஏன் வாழ முடியவில்லை?

காட்டு நத்தைக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், மக்கும் சருகு வேண்டும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மரத்தை வெட்டிச் சருகைக் கொளுத்தினால் நாலும் போயிற்று. பறவை அடுத்த காட்டுக்குப் பறந்துவிடும். நத்தை எங்கே போகும்? அங்கேயே சாகும். அந்தக் காலி இடத்தில், வெயிலையும் மருந்தையும் தாங்கும் வெளியூர் நத்தை குடியேறிப் பெருகும்.

ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஆயிரம் நத்தை இருந்தும் இனம் ஒன்றே என்றால் அந்த மண் ஏழை. பழைய மரங்களை விட்டுவைத்து, சருகை வாராத காப்பித் தோட்டத்தில் காட்டு நத்தைகள் சிலவாவது பிழைக்கும்.

அவை பிழைத்தால் நமக்கென்ன லாபம்? இலை மக்கி உரமாக அவை உதவுகின்றன. மின்மினியின் புழுவுக்கு நத்தைதான் இரை. ஹாலந்து நாட்டில் சில காடுகளில் நத்தை குறைந்தபோது, அதைத் தின்று வந்த குருவிகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்தது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அவற்றுக்குக் கிடைக்கவில்லை!

என்ன செய்யலாம்?

* மாலையில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். இரவில் ஆப்பிரிக்க நத்தை அங்கே கூடும். பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுப் பிறகு புதைத்துவிடலாம். மண்ணில் உப்பைக் கொட்டினால் செடி கெடும்.

* வெறும் கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கலாம். ஊரில் வயல் நத்தை சமைத்த பழக்கத்தில் இதைச் சமைக்க வேண்டாம். கீரையை நன்றாகக் கழுவுங்கள்.

* லீவில் ஊருக்குப் போகும்போது மண்ணோடு செடி எடுத்துப் போகாதீர்கள். உங்கள் கிராமத்துக்கு நீங்களே பென்சன் ஆகிவிடுவீர்கள்.

அடுத்த மழையில் உப்பைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் ஓட்டைப் பாருங்கள். கூம்பு வடிவில், நீளமாக, பழுப்புக் கோடுகளுடன் பெரிதாக இருந்தால் அதுதான் அந்த வெளியூர் ஆசாமி. சின்னதாக, சருகுக்குள் ஒதுங்கிக் கிடந்தால் அது இந்த மண்ணின் பழைய குடித்தனக்காரராக இருக்கலாம். அவரை விட்டுவிடுங்கள்.