இடது ஸ்பீக்கர் ஏன் ஊமையானது?

தீபாவளிக்கு முந்திய வாரம். வீட்டைச் சுத்தம் செய்யும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து தாத்தாவின் பழைய ஹை-ஃபை செட்டை வெளியே எடுக்கிறீர்கள். தூசி தட்டி, ஒரு கேசட்டைப் போட்டால் வலது ஸ்பீக்கர் பாடுகிறது; இடது ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. பின்னாலிருக்கும் கேபிளை லேசாக ஆட்டினால் ‘கரகர’வென்று இருமிவிட்டு ஒரு விநாடி பாடுகிறது. மறுபடியும் அடங்கிவிடுகிறது. “செட்டு போய்விட்டது. ‘சூராட் காபார் லாமா’ லாரி வந்தால் போட்டுவிடலாம்” என்கிறார் அப்பா. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

லாரி வருவதற்குள் நீங்கள் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். ‘ஆட்டினால் பாடுகிறது’ என்பதே நல்ல துப்பு. உள்ளே ஒரு பாகம் எரிந்துபோயிருந்தால், வெளியே கேபிளை ஆட்டுவதால் அது உயிர் பெற்றுவிடாது.

செட்டை அடைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் செருகியிருக்கும் சிவப்பு, வெள்ளை பிளக்குகளை இடம் மாற்றிச் செருகுங்கள். மறுபடியும் பாடவிடுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையாகி இடது பாடினால் ஸ்பீக்கர்கள் இரண்டும் நலம்; கோளாறு கேசட் டெக்கிலோ கேபிளிலோ இருக்கிறது. இடதே தொடர்ந்து ஊமையாக இருந்தால் ஆம்ப்ளிஃபையர் பக்கமோ ஸ்பீக்கர் கம்பிப் பக்கமோ தேட வேண்டும். எந்தப் பக்கமானாலும், பழைய செட்டுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, உலோகமும் உலோகமும் தொடும் இடங்களைத்தான்.

‘தொடுவது’ என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். பளபளவென்று மின்னும் பிளக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாகத் தெரியும். அப்படிப்பட்ட இரண்டு பரப்புகளைச் சேர்த்து அழுத்தினால், உயரமான மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். தைப்பூசத்தன்று பத்துமலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே இடம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், கூட்டம் மேலே ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பது படிக்கட்டுதான். இந்தப் புள்ளிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னார் ஹோல்ம். மின்தொடர்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1941-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

இருப்பதே சில புள்ளிகள். அவற்றின்மேல் ஒரு படலம் படர்ந்தால் என்ன ஆகும்? நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். செம்பும் பித்தளையும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகின்றன. வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கிறது. கொலுசு கறுப்பதும் இதனால்தான். தங்கம் கறுப்பதில்லை. அதனால்தான் பிளக்குகளுக்குத் தங்க முலாம் பூசுகிறார்கள்.

செப்பு ஆக்சைடு சாதாரண அழுக்கு அல்ல, அது ஒரு குறைகடத்தி. மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் மின்திருத்திகளை 1920-களில் அதைக் கொண்டு செய்தார்கள். எப்போதாவது, துருவேறிய இணைப்புள்ள ஆம்ப்ளிஃபையரில் யாரும் கேட்காத வானொலி நிலையம் மெல்லப் பேசுவதும் உண்டு. அங்கே பேயில்லை, படலம் தானாகவே ஒரு சிறு வானொலிப் பெட்டியாகிவிட்டது!

‘வீட்டுச் சுவிட்சுகளும்தான் பல வருடங்களாக இருக்கின்றன, அவை கரகரப்பதில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தச் சுவிட்சுக்குள் வருவது 230 வோல்ட். மெல்லிய படலத்தை அது துளைத்துக்கொண்டு போய்விடும். சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வருவது அதிகபட்சம் சுமார் 2 வோல்ட்தான். இசைத்தட்டின்மேல் ஓடும் ஊசியிலிருந்து வருவதோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. இவ்வளவு பலவீனமான மின்னழுத்தத்தால் படலத்தை உடைக்க முடியாது. அதிர்வில் புள்ளிகள் சேர்ந்தும் பிரிந்தும் விளையாடுவதுதான் நம் காதில் ‘கரகர’. பிளக்கின் வெளி வளையம் சரியாகத் தொடாவிட்டால் வேறொரு சத்தம் வரும்: மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ‘உம்ம்ம்’.

சரி, சுத்தம் செய்வோம். ஆம்ப்ளிஃபையரை அடைத்து, சுவரிலிருந்து பிளக்கையே எடுத்துவிடுங்கள். 1930-களில் ஆர்சிஏ நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு பிளக்கில் ஒரு குறை உண்டு. இழுக்கும்போது வெளி வளையம் முதலில் பிரிந்து, நடு ஊசி கடைசியில் பிரியும். செட்டு ஓடும்போது இழுத்தால் ‘டொம்’ என்று வரும் சத்தம் ஸ்பீக்கரையே கெடுக்கலாம். இன்னொன்று: ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். நம் வேலை முழுவதும் வெளியேதான்.

முதல் வைத்தியத்திற்குச் செலவே இல்லை. ஒவ்வொரு பிளக்கையும் சற்றுத் திருகியபடி பத்துத் தடவை செருகி எடுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் தலையைப் பிடியுங்கள். உலோகம் உலோகத்தை உரசும்போது படலம் கிழிந்து, புதிய புள்ளிகள் கிடைக்கும். பல நேரங்களில் இதுவே போதும்.

போதாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தேவை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டுப் புட்டியில் மீதி பெரும்பாலும் தண்ணீர், மெதுவாகத்தான் காயும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் போன்ற மின்னணுப் பொருள் கடைகளில் 99 விழுக்காடு கேட்டு வாங்கினால் நல்லது. காது குடையும் பஞ்சில் நனைத்து ஊசியையும் வளையத்தையும் துடையுங்கள். பஞ்சு கறுத்து வருவதைப் பார்க்கவே திருப்தியாக இருக்கும். சாக்கெட்டின் நடுத் துளைக்குப் பல்குச்சி நுனியில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளலாம். சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம், அது எளிதில் தீப்பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள். வளையம் தளர்ந்திருந்தால் குறடால் மெல்ல, மிக மெல்ல, நெருக்குங்கள். அழுத்தம் கூடினால் தொடும் புள்ளிகளும் கூடும்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் பிளக்கையும் புளியால் தேய்க்கத் தோன்றும். புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் விளக்கைக் கழுவுவதுபோல் பிளக்கைக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கும் அமிலமும் ஈரமும் அடுத்த மாதமே அரிப்பைத் தொடங்கிவிடும். உப்புத்தாளும் கூடாது. தங்க முலாமின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. படிவம் மூன்றில் நான் ஆர்வத்தோடு தேய்த்த பிளக்கிலிருந்து தங்கம் மொத்தமும் என் விரலுக்கு வந்தது.

ஸ்பீக்கர் கம்பியின் நுனி கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் துடைத்து மினக்கெட வேண்டாம். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, புதிதாக உறை சீவி, இழைகளை முறுக்கிப் பொருத்துங்கள். இங்கே மின்தடை, அதாவது நீங்கள் ‘ரிந்தாங்கான்’ என்று படிப்பது, உண்மையிலேயே கணக்கில் வரும். 8 ஓம் ஸ்பீக்கரின் பாதையில் 1 ஓம் கூடினால், ஸ்பீக்கரைச் சேரும் திறன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். போட்டுப் பாருங்கள், கணக்கு எளிதுதான். ஆனால் ஆம்ப்ளிஃபையரின் உள்வரும் பக்கத்தில் ஏற்கெனவே பல்லாயிரம் ஓம் இருக்கிறது. அங்கே 1 ஓம் கூடினாலும் குறைந்தாலும் காதுக்குத் தெரியாது. எனவே நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்துக் கேபிள் வாங்குவதைவிட, இருக்கும் கேபிளைத் துடைத்து இறுக்கமாகச் செருகுவதே என் கணக்கில் புத்திசாலித்தனம்.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு பழைய 1 சென் காசைத் தேடுங்கள். கடைகளில் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்கும் முறை 2008-இல் வந்த பிறகு, அவை டப்பாக்களில் பழுப்பேறிக் கிடக்கின்றன. மீட்டரை ஓமில் வைத்து, முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மீட்டர் கம்பிகளின் தடை. பிறகு இரு முனைகளாலும் காசை லேசாகத் தொடுங்கள். எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். ஸ்பீக்கரின் ‘கரகர’ கண்ணுக்குத் தெரிவது போலத்தான். அழுத்திப் பாருங்கள், குறையும். இனி காசை அழிப்பானால் பளபளக்கும்வரை தேய்த்து, மறுபடியும் லேசாகத் தொடுங்கள். எண் இறங்கி, முதலில் குறித்துவைத்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.