பழைய மோட்டார் படகுக்குப் புதிய விண்ட்லஸ்

நங்கூரத்தையும் அதன் சங்கிலியையும் கடலடியிலிருந்து மேலேற்றும் எந்திரம் விண்ட்லஸ். படகின் அணியத்தில் பொருத்தப்படும் இதில், மின்மோட்டாரோ ஹைட்ராலிக் மோட்டாரோ கியர்ப் பெட்டி வழியாக ஒரு சக்கரத்தைச் சுழற்றும். சங்கிலியின் கண்ணிகள் பொருந்தி உட்கார அந்தச் சக்கரத்தின் விளிம்பில் குழிகள் இருக்கும். படகோட்டிகள் அதை ஜிப்சி என்பார்கள். முப்பது, நாற்பது ஆண்டு ஓடிய பெரிய மோட்டார் படகுகளில், உடல் உறுதியாக இருக்கும்போதே விண்ட்லஸ் ஓய்ந்துவிடுவதுண்டு. ஓயாமல் உப்புநீர் தெறிக்கும் இடம் அது. சீல் கசிந்தால் கியர் எண்ணெயில் கடல்நீர் கலக்கும். விண்ட்லஸின் அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் இறங்கும் இடமெல்லாம் அரித்து வெண்பொடியாகும்.

மாற்று எந்திரம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, சங்கிலியை. ஒரே தடிமனுள்ள சங்கிலிகளில்கூடக் கண்ணியின் நீளம் வேறுபடும். 10 மில்லிமீட்டர் சங்கிலியையே எடுத்துக்கொண்டால், ஜெர்மானிய டி.ஐ.என். 766 தரத்தில் கண்ணியின் உள்நீளம் 28 மில்லிமீட்டர், ஐ.எஸ்.ஓ. 4565 தரத்தில் 30. இந்த 2 மில்லிமீட்டர் போதும், சங்கிலி ஜிப்சியில் உட்காராமல் தாவித் தாவி ஓட. அமெரிக்கப் படகுகளில் ‘பி.பி.பி.’, ‘ஹை டெஸ்ட்’ என்ற இரு வகைச் சங்கிலிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. சைக்கிளில் தேய்ந்த செயின் புதிய பற்சக்கரத்தையும் கெடுப்பதுபோல, நீண்டுபோன பழைய சங்கிலி புதிய ஜிப்சியைத் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சு போய்த் துருவேறிய சங்கிலியை விண்ட்லஸோடு சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது இழுவிசை. நங்கூரம், சங்கிலி இரண்டின் மொத்த எடையைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இழுவிசை வேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. 18 மீட்டர் படகொன்றில் 45 கிலோ நங்கூரமும் 90 மீட்டர் நீள 12 மில்லிமீட்டர் சங்கிலியும் இருப்பதாகக் கொள்வோம். மீட்டருக்குச் சுமார் 3.3 கிலோ வீதம் சங்கிலி மட்டுமே 300 கிலோவை நெருங்கும். மொத்தம் 345; மும்மடங்கு என்றால் ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். 20 மீட்டர் ஆழத்தில் தொங்கும் எடை 110 கிலோ அளவுதானே, இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். சேற்றில் புதைந்த நங்கூரத்தைப் பிடுங்குவதற்கும், அணியத்து உருளையில் ஏற்படும் உராய்வைத் தாண்டுவதற்கும், காற்று படகைப் பின்னுக்குத் தள்ளும்போது ஈடுகொடுப்பதற்கும் அந்த மிகுதி வேண்டும். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் மோட்டார் திணறி நிற்கும் கட்டத்தின் விசை. தொடர்ந்து தூக்கக்கூடிய சுமை அதைவிட வெகு குறைவு. வாங்குபவர் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

பழைய படகில் பணத்தை விழுங்குவது மின்சாரம்தான். 1,500 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் இழுக்கும். 24 வோல்ட்டில் அதில் பாதி. எந்திர அறையிலுள்ள பேட்டரியிலிருந்து அணியம் வரை போய்த் திரும்பும் கேபிள் 30 மீட்டரைத் தாண்டலாம். கேபிள் மெலிந்திருந்தால் வழியிலேயே வோல்ட் குறையும்; மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். விண்ட்லஸ் பழுது என்று சொல்லப்படுவதில் பல உண்மையில் கேபிளின் பழுதே. அமெரிக்காவின் வட கரோலினாவில் தோன்றிய ஹாட்டராஸ் நிறுவனத்தின் பழைய படகுகளில் 32 வோல்ட் மின்னமைப்பு இருந்தது. இன்றைய விண்ட்லஸ்கள் பெரும்பாலும் 12, 24 வோல்ட்டுக்கே வருகின்றன. அத்தகைய படகுக்கு 24 வோல்ட் பேட்டரித் தொகுதியைத் தனியே வைக்க வேண்டும், அல்லது மோட்டாரை 32 வோல்ட்டுக்கு மறுசுற்று செய்ய வேண்டும். படகில் ஏற்கனவே ஹைட்ராலிக் அமைப்பு இருந்தால், அதிலிருந்தே விண்ட்லஸை ஓட்டுவது சிறப்பு. நெடுநேரம் இழுத்தாலும் அது சளைக்காது.

கிடைமட்ட அச்சுள்ள விண்ட்லஸ் முழுவதும் மேல்தளத்தின் மீதே உட்காரும். பொருத்துவது எளிது, ஆனால் சங்கிலி ஜிப்சியைக் கால்சுற்று அளவே தழுவும். செங்குத்து அச்சுள்ளதில் அரைச்சுற்று தழுவுவதால் பிடி உறுதி. ஆனால் மோட்டாரும் கியரும் தளத்துக்குக் கீழே தொங்கி, சங்கிலி அறையின் ஆழத்தைக் குறைத்துவிடும். ஜிப்சியிலிருந்து குவியலின் உச்சிவரை 30 சென்டிமீட்டராவது செங்குத்தாக விழ இடமில்லையென்றால் சங்கிலி சிக்கும். ஆழம் குறைந்த அறைக்குக் கிடைமட்ட வகையே ஏற்றது.

பழைய எந்திரத்தைக் கழற்றியதும் தளத்தின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும். கண்ணாடி இழைத் தளங்கள் பலவற்றின் நடுவே பால்சா மரம் இருக்கும். பழைய போல்ட் துளைகள் வழியாக நீர் இறங்கி அது மக்கியிருந்தால், மக்கியதை எடுத்து எப்பாக்சியால் நிரப்பி, கீழே அகலமான தாங்கு தகடு வைத்த பிறகே புதியதைப் பூட்டலாம்.

நங்கூரமிட்டு நிற்கும்போது படகின் இழுப்பை விண்ட்லஸ் தாங்கக் கூடாது. அலையின் உலுக்கல் கியரையும் தண்டையும் வளைத்துவிடும். சங்கிலியைத் தடுப்பானில் பூட்டி, நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியில் கொக்கியிட்டுத் தளத்தின் கட்டுத்தறிக்குக் கொடுத்துவிட வேண்டும். புதிய எந்திரத்தோடு இவ்விரண்டுக்கும் சேர்த்தே செலவு போட வேண்டும்.

வெண்கல உடலுள்ள பழைய விண்ட்லஸுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்குமானால், சீலும் பேரிங்கும் மாற்றி, மோட்டாரை மறுசுற்று செய்துகொள்வது பல நேரங்களில் புதியதைவிடச் சிக்கனம். அலுமினிய உடல் அரித்துப்போயிருந்தால் அந்த வழி இல்லை.