சாம்பல் சத்து: மண்ணிலும் பயிரிலும் உடலிலும்

பயிருக்குப் பெருமளவில் தேவைப்படும் மூன்று சத்துகளில் தழைச்சத்து புரதத்தின் பகுதியாகிறது. மணிச்சத்து மரபணுவிலும் உயிரணுச் சவ்விலும் இடம்பெறுகிறது. மூன்றாவதான சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், எந்தத் திசுவிலும் நிலையாகக் கட்டுண்டு கிடப்பதில்லை. உயிரணுவின் நீரில் அயனியாகக் கரைந்திருந்தே தன் வேலைகளைச் செய்கிறது. ஆகவே அது எளிதில் இடம்பெயரும். எளிதில் இழந்தும் போகும்.

1807இல் இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, உருக்கிய பொட்டாஷ் காரத்தில் மின்சாரம் பாய்ச்சி இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையானது. தண்ணீரில் பட்டால் ஊதா நிறச் சுடருடன் எரியும். இயற்கையில் இது தனித்துக் கிடைக்காது, சேர்மங்களாகவே கிடைக்கும்.

மண்ணில் பொட்டாசியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. களித்துகள்களின் மேற்பரப்பிலும் மண்ணீரிலும் உள்ள சிறு பங்கையே வேர்கள் உடனே உறிஞ்ச முடியும். களிமண் இச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணற்பாங்கான மண்ணிலோ மழைநீரோடு அடித்தளத்துக்கு இறங்கிவிடும். அத்தகைய நிலங்களில் பொட்டாஷ் உரத்தை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடுவது இதனால்தான்.

இலைத்துளைகளைத் திறந்து மூடுவது செடியில் பொட்டாசியம் செய்யும் முக்கிய வேலை. துளையின் இருபுறமும் உள்ள காப்பணுக்களுக்குள் பொட்டாசியம் புகுந்தால் தண்ணீரும் பின்தொடரும். அணுக்கள் உப்பித் துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் துளை மூடும். இச்சத்து போதுமான அளவில் உள்ள பயிர் வறட்சியில் நீரை வீணாக்காது. இலையில் உருவான சர்க்கரையைக் காய்க்கும் கிழங்குக்கும் கொண்டுசேர்க்கவும், 60க்கும் மேற்பட்ட நொதிகள் செயல்படவும் பொட்டாசியம் வேண்டும். வாழை, கரும்பு, மரவள்ளி, தென்னை ஆகியவை இதை மிகுதியாகக் கேட்பவை. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரம் இடத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

பற்றாக்குறை முதலில் அடியிலைகளில் தெரியும். செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து பொட்டாசியத்தை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்புவதே காரணம். அடியிலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பின் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். நடுப்பகுதி சில நாள் பச்சையாகவே இருக்கும்.

பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகியவை உலகின் முன்னணி உற்பத்தி நாடுகள். உள்ளூரிலேயே மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. வைக்கோலை விற்றால் அந்தச் சத்தும் வயலை விட்டுப் போகிறது. மடக்கி உழுதால் மண்ணுக்கே திரும்புகிறது.

மனித உடலிலும் பொட்டாசியத்தின் 98 சதவீதம் உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. உயிரணுச் சவ்வில் உள்ள புரதம் ஒன்று மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1997இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த ஏற்பாட்டால்தான் நரம்புகள் செய்தி அனுப்புகின்றன, தசைகள் சுருங்குகின்றன, இதயம் சீராகத் துடிக்கிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் இது நிறைய உண்டு. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றப் பொட்டாசியம் உதவுவதால் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. வயிற்றுப்போக்கின்போது உடல் பொட்டாசியத்தை இழக்கிறது; ஆகவே ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது.

மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. அது பழுதானால் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரைத் தவிர்க்கவும், காய்கறிகளை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டு உண்ணவும் மருத்துவர்கள் சொல்வது இதற்காகவே. சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படும் பொட்டலங்கள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சமையலில் சேர்க்கக் கூடாது.